குழுவோடு போகிறவருக்கு ஊர் ஒட்டுமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் நர்ஸ். சபையிலிருந்து ஒன்பது பேர் மருத்துவ ஊழியக் குழுவாக ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்கு ஒரு வருடம் போகிறீர்கள். முதல் இரண்டு மாதம் ஊர் ஊராகச் சுற்றி முகாம், அப்புறம் தெற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை. என்னென்ன எடுத்துப் போக வேண்டும், எத்தனை நாளில் செட்டில் ஆகலாம், குக்கர் கொண்டு போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "டீம்ல எல்லாரும் என்னைவிட மூத்தவங்க, எனக்கு அங்க ஒட்டுமான்னு பயமா இருக்கு." எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் பெட்டி கட்டும் விஷயம், அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் சுற்றிக்கொண்டே இருக்கிறவர், அதுவும் நம்ம ஊர் ஆட்கள் எட்டுப் பேர் சூழச் சுற்றுகிறவர், ஒரு நாட்டில் எப்படிக் கால் ஊன்றுவது என்பதுதான் நீங்கள் கேட்டது.

நான் லேப் டெக்னீசியன். 2004-ல் இதே மாதிரி ஒரு குழுவோடு மலாவியின் தெற்குப் பகுதிக்குப் போனேன். ஒரு வருடம் என்று போனவன் ஆறு வருடம் இருந்தேன். பிறகு மூன்று முறை குறுகிய காலக் குழுக்களோடு போய் வந்திருக்கிறேன். எனக்குப் பழக்கம் தெற்கும் கொஞ்சம் மத்தியப் பகுதியும்தான். நான் டாக்டர் இல்லை. மருந்து பற்றிச் சொல்வதை உங்கள் டாக்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நான் ஆண். தனியாகச் சந்தைக்குப் போவது எனக்கு எளிதாக இருந்தது என்பதால் உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

சந்தேகமில்லாத விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மலேரியா. மலாவியில் வருடம் முழுக்க உண்டு, பெரும்பாலும் ஃபால்சிபாரம் வகை, அதாவது உயிரை எடுக்கக்கூடிய வகை. அந்த நாட்டின் மிஷன் சரித்திரத்தையே கொசு எழுதியிருக்கிறது என்று சொல்லலாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த லிவிங்ஸ்டோனியா குழு 1875-ல் மலாவி ஏரியின் தென்கரையில் கேப் மக்ளியர் என்ற இடத்தில் இறங்கியது. பார்க்க அழகான இடம். வரிசையாகக் காய்ச்சலில் ஆட்கள் போனார்கள். 1881-ல் ஏரிக்கரையிலேயே வடக்கே பந்தாவேக்கு மாறினார்கள், அங்கேயும் சாவு. 1894-ல் ஏரியை விட்டே விலகி மலை மேல் ஏறினார்கள். இன்றைக்கு லிவிங்ஸ்டோனியா என்ற ஊர் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உட்கார்ந்திருப்பது அதனால்தான். இதில் எனக்குத் தீராத ஆச்சரியம் ஒன்று உண்டு. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்ட் ராஸ் நம்ம செகந்தராபாத்தில் பார்த்தது 1897-ல். அவர்கள் மலை ஏறி மூன்று வருடம் கழித்து. காரணம் தெரியாமலே சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள், இருபது வருடமும் பல கல்லறைகளும் செலவழித்து.

உங்களுக்குக் காரணம் தெரியும். ஆகவே மருந்து கலந்த கொசுவலையைப் பெட்டியில் முதலில் வையுங்கள். தடுப்பு மாத்திரையை டாக்டர் எழுதித் தர வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் தினமும், திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம். வெயிலில் தோல் எரியும், சாப்பிட்டுவிட்டு நிறையத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டவுடன் படுக்கக் கூடாது. மெஃப்ளோகுவின் என்றால் வாரம் ஒன்று, புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். ஊரில் யாராவது பெரியவர் "குளோரோகுவின் போட்டுக்கோம்மா, போதும்" என்று சொல்வார். கேட்காதீர்கள். கிருமிக்குப் பழகிப்போனதால் குளோரோகுவினை 1993-லேயே கைவிட்ட நாடு அது, ஆப்பிரிக்காவில் முதல் நாடு.

மெஃப்ளோகுவின் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் குழுவில் ஒரு தம்பி மூன்றாவது வாரத்திலிருந்து தூங்கவில்லை. கெட்ட கனவு, படபடப்பு, காரணமில்லாத அழுகை. வீட்டு நினைப்பு என்றார்கள். ஜெபித்தார்கள், அறிவுரை சொன்னார்கள், "விசுவாசத்தில் பெலவீனம்" என்று ஒரு அக்கா சொன்னதும் என் காதில் விழுந்தது. கடைசியில் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரே கேள்வி கேட்டார்: "என்ன மாத்திரை போடுகிறாய்?" மாற்றிக் கொடுத்தார். சில வாரத்தில் பையன் பழையபடி சிரித்தான். புது நாட்டில் மனசு கலங்கினால் எல்லாவற்றையும் மனசின் மேல் போடாதீர்கள். மாத்திரை, தூக்கம், தண்ணீர் குறைவு இவற்றையும் பாருங்கள்.

ஊசி: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை எப்படியும் போட்டுக்கொள்ளுங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் பறக்கிறவர்களிடம் சான்று கேட்கலாம். திரும்பும்போது நம் நாட்டு விமான நிலையத்திலும் கேட்கலாம், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைக்க விதி இருக்கிறது. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், அதன் பின் ஆயுளுக்கும். ஏரியில் குளிக்க ஆசை வரும். பில்ஹார்சியா என்ற புழு அந்தத் தண்ணீரில் உண்டு, தோல் வழியாகவே உள்ளே போகும். குளித்தே தீர்வீர்கள் என்றால் பின்னால் பரிசோதித்து மருந்து சாப்பிடுங்கள். 2022-23-ல் அங்கே காலரா 1,700 பேருக்கு மேல் கொண்டுபோனது, ஆகவே கொதிக்க வைக்காத தண்ணீர் வேண்டாம். நர்ஸ் என்பதால் இன்னும் ஒன்று: ஆஸ்பத்திரியில் முதல் நாளே, ஊசி குத்திவிட்டால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து யாரிடம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வையுங்கள். 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

காகித விஷயம். விசா விதிகள் கடந்த சில வருடங்களில் அடிக்கடி மாறியிருக்கின்றன. இங்கே எழுதி என்ன பயன், மலாவி குடிவரவுத் துறையின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மாறாத விஷயம் என்னவென்றால், சுற்றுலா விசாவில் நோயாளியைத் தொட முடியாது. வேலை அனுமதியும், அந்நாட்டு நர்ஸ்கள் கவுன்சிலின் பதிவும் வேண்டும். "ஊழியம்தானே, சம்பளமா வாங்குகிறோம்" என்று குழுத் தலைவர் சொன்னால் மரியாதையாக மறுபடி கேளுங்கள். அதேபோல் மாத்திரைப் பெட்டிகளை ஆளுக்குக் கொஞ்சமாகச் சூட்கேஸில் பிரித்துக் கொண்டுபோகும் வழக்கம் நம் குழுக்களில் உண்டு. முன்அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள். காலாவதியாக இரண்டு மாதம் இருக்கிற மருந்தைத் தானம் என்று கொண்டுபோய்க் கொட்டுவது தானம் இல்லை, குப்பை.

சரி, ஒட்டுகிற விஷயத்துக்கு வருவோம். புறப்படுவதற்கு முன் நடக்கும் பயிற்சியில் போர்டில் யு எழுத்து மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். முதலில் தேனிலவு, அப்புறம் பள்ளம், அப்புறம் மேலே ஏறுவீர்கள் என்று. எனக்கும் காட்டினார்கள். அந்தக் கோடு, அமெரிக்காவுக்குப் படிக்கப் போன சுமார் 200 நார்வேக்காரர்களைக் கேட்டு லிஸ்கார்ட் என்ற ஆய்வாளர் 1955-ல் எழுதியதிலிருந்து வந்தது. பின்னால் செய்த ஆய்வுகளில் எல்லாரும் அப்படிப் போகவில்லை. பலருக்கு வந்து இறங்கிய நேரம்தான் மிக மோசமாக இருந்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான். முதல் வாரமே அழுகை, தேனிலவெல்லாம் இல்லை. ஆகவே மூன்றாம் மாதத்தில் பள்ளம் வரவில்லையே என்றும் கவலைப்படாதீர்கள், முதல் நாளே வந்துவிட்டதே என்றும் பயப்படாதீர்கள். "எத்தனை நாளில்" என்ற கேள்விக்கு நேர்மையான பதில், அதற்குக் கணக்கு கிடையாது.

குழு என்ன செய்யும் என்பதில்தான் எனக்கு உறுதியான கருத்து உண்டு. குழுவோடு போனால் போய்ச் சேருவது சுலபம், ஒட்டுவது கஷ்டம். விமான நிலையத்தில் வண்டி நிற்கும். வீடு ரெடி. ராத்திரி ரசம். சாப்பிட்டு முடித்துத் தமிழ்ப் பாட்டு, ஜெபம், தூக்கம். எங்கள் வீட்டு வளாகம் ஒரு மாதத்தில் நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் மாதிரி ஒரு குட்டி ஊர் ஆகிவிட்டது. எங்கள் டிரைவர் உள்ளூர்க்காரர், ஐம்பது வயசு இருக்கும். முதல் இரண்டு வாரமும் மத்தியானம் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த களியைச் சாப்பிட்டார். நாங்கள் இருபதடி தள்ளி மரத்தடியில் ஜமக்காளம் விரித்துப் புளிச்சோறு சாப்பிட்டோம். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். பதினைந்தாம் நாள் எங்கள் குழுவில் மூத்த அம்மா ஒருவர் தட்டைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். எனக்கு அந்த நாட்டில் முதல் பாடம் அதுதான்.

நம்ம ஊர்க்காரர் வேதநாயகம் அசரியா இதைப் பற்றிப் பெரிய சபையிலேயே பேசினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது அங்கே மாணவர்களே ஒரு மிஷன் சங்கம் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து, 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிக்கக் காரணமாக இருந்தவர். பின்னால் அவரே தோர்ணக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு படித்து அங்கேயே வாழ்ந்தார். 1910-ல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனெரிகள் முன்னால், நீங்கள் பணம் கொடுத்தீர்கள், உடம்பையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசினார். அன்றைக்கு நாம் கேட்கிற இடத்தில் இருந்தோம். மலாவியில் நீங்கள் கேட்கப்படுகிற இடத்தில் இருப்பீர்கள். அங்கே சபைக்கு நூற்றைம்பது வருட வயசு, மக்களில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள், மங்கோச்சி பக்கம் யாவோ இன முஸ்லிம்கள் நிறைய. 1915-ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளுக்கு எதிராக எழுந்து உயிரைக் கொடுத்த ஜான் சிலெம்ப்வே ஒரு பாஸ்டர். ஜனவரி 15 அவர் பெயரில் அரசு விடுமுறை. இதெல்லாம் தெரியாமல் போய் "நாங்கள் சுவிசேஷம் கொண்டு வந்திருக்கிறோம்" என்று மேடையில் பேசினால் கீழே இருப்பவர்கள் பொறுமையாகக் கைதட்டுவார்கள். ரொம்ப மரியாதைக்காரர்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடியது. மொழியை விமானம் ஏறுவதற்கு முன்பே தொடங்குங்கள். வடக்கே தும்புக்கா பேசுவார்கள், மத்தியிலும் தெற்கிலும் சிச்சேவா போதும். "முலி ப்வான்ஜி?" என்றால் எப்படி இருக்கிறீர்கள். "ந்திலி ப்வினோ, காயா இனு?" என்றால் நல்லா இருக்கேன், நீங்க? இதைச் சொல்லாமல் நேராக விஷயத்துக்கு வருவது அங்கே மரியாதைக் குறைவு. ஊசி போடும் முன்பும் கூட. நமக்கு இந்த மொழி எட்டாதது இல்லை. நீ, நீங்கள் மாதிரி அங்கே "இவே", "இனு". முகம் தெரியாதவரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள்: வயசான பெண் என்றால் "அமாயி", ஆண் என்றால் "பாம்போ", தாத்தா பாட்டிக்கு "அகோகோ". உங்களை "அனம்வீனோ" என்பார்கள், நர்ஸம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் கதவைத் தட்டுவதில்லை, வெளியே நின்று "ஓடி! ஓடி!" என்று குரல் கொடுப்பார்கள். முதல் நாள் காலையில் அதைக் கேட்டு யாரோ யாரையோ துரத்துகிறார்கள் என்று நான் வெளியே பாய்ந்தேன். உள்ளே வரச் சொல்லும் பதில் "ஓடினி". அன்று சிரித்தது அந்த வீதியே.

சுற்றுகிற அந்த இரண்டு மாதத்தில் வேர் பிடிக்காது. பிடிக்க வைக்க முயலவும் வேண்டாம். ஊர் மாறினாலும் மாறாத ஒரு உள்ளூர் ஆள் உங்களோடு வருவார், டிரைவரோ மொழிபெயர்ப்பாளரோ. அவரோடு பழகுங்கள். ஒவ்வொரு ஊரிலும் சாயங்காலம் ஒரு அரை மணி நேரம் குழுவை விட்டு விலகி, உள்ளூர்ப் பெண் ஒருவர் துணையோடு சந்தைக்குப் போய் வாருங்கள். தலைவரிடம் சொல்லிவிட்டுத்தான், இருட்டும் முன்தான். எதையாவது ஒன்றை நீங்களே வாங்குங்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து நிலைத்த பிறகு ஒரே கடை, ஒரே ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தக்காளி வாங்கியது ஒரு அம்மாவிடம். அங்கே எடை கிடையாது, ஐந்தாறு தக்காளியைக் குவியலாக அடுக்கி வைத்திருப்பார்கள், குவியலுக்கு இவ்வளவு. ஆரம்பத்தில் என்னிடம் கூடுதலாகச் சொன்னார், தெரிந்தே கொடுத்தேன். பேரம் பேசத் தெரிந்ததும் சிரித்துக்கொண்டே குறைத்தார். நாலாவது மாதமோ என்னமோ, குவியலைப் பையில் போட்டுவிட்டு, இன்னொரு குவியலின் உச்சியில் இருந்த ஒரு தக்காளியை எடுத்து என் பையில் போட்டு "பசேலா" என்றார். கொசுறு! கீரைக்காரம்மா கறிவேப்பிலை போடுகிற அதே கை அசைப்பு. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டு இதைத்தான் சொன்னேன். அவர்களுக்குப் புரிந்தது.

சாப்பாடு பற்றிக் கவலையே வேண்டாம். ந்சீமா என்பது வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களி, கையால்தான் சாப்பிடுவார்கள். சாப்பிடும் முன் ஒருவர் செம்பில் தண்ணீர் ஊற்றக் கை கழுவுவீர்கள். கூடவே கீரை, பீன்ஸ், அல்லது உசிபா, ஏரியில் பிடித்துக் காயவைத்த பொடிமீன், நம்ம நெத்திலிக் கருவாடு என்றே வைத்துக்கொள்ளலாம். புளியும் அங்கேயே விளைகிறது. பிளான்டயர் நகரத்தில் குஜராத்திக்காரர்கள் கடைகளில் பருப்பு, மசாலா எல்லாம் உண்டு, ஆகவே பத்துக் கிலோ சாம்பார்ப் பொடி சுமக்காதீர்கள். ஒன்று மட்டும்: ஜனவரியிலிருந்து மார்ச் வரை அறுவடைக்கு முந்தைய பஞ்ச மாதங்கள். அப்போது ஒரு வீட்டில் உங்களுக்காகக் கோழி அடித்தால் அது என்ன விலை என்று தெரிந்து சாப்பிடுங்கள். மறுக்கவும் கூடாது. அடுத்த தடவை மாவோ சர்க்கரையோ கொண்டுபோங்கள்.

உடை: 1993 வரை பெண்கள் பேன்ட் போடவே தடைச் சட்டம் இருந்த நாடு. இப்போது சட்டம் இல்லை, கிராமத்தில் கண் இருக்கிறது. சித்தேன்ஜே என்ற இரண்டு மீட்டர் துணியைச் சுடிதார் மேல் சுற்றிக்கொண்டால் போதும், அதை அங்கேயே வாங்குங்கள். ஜூன், ஜூலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். கரன்ட் அடிக்கடி போகும்; வோல்டேஜ் நம்முடையதுதான், பிளக் மூன்று பட்டைக்கால் உள்ள பிரிட்டிஷ் மாதிரி, அடாப்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். டாலர் நோட்டு புதிதாக, மடிப்பில்லாமல் இருக்கட்டும். நான் போனபோது டாலருக்கு நூற்றுச் சொச்சம் குவாச்சா, அதுதான் அந்நாட்டுப் பணம். 2023 நவம்பரில் 44 சதவீதம் மதிப்புக் குறைத்த பிறகு 1,700-ஐத் தாண்டிவிட்டது. தெருவில் கூடுதல் விலைக்கு மாற்றித் தருவதாக ஆள் வருவார். அது சட்டவிரோதம், மாட்டினால் குழுவுக்கே கெட்ட பெயர்.

மூத்தவர்கள் பற்றி: நான் பார்த்தவரை பாதியில் ஊர் திரும்பியவர்களில் மலேரியாவால் திரும்பியவர் குறைவு, குழுவுக்குள் மனஸ்தாபத்தால் திரும்பியவர் அதிகம். யார் சமைப்பது, யார் முன் சீட்டு, யாருக்கு மைக் என்று சின்னச் சின்னதாக ஆரம்பிக்கும். நீங்கள் இளையவர் என்பதால் பாத்திரம் உங்கள் தலையில் விழும். புறப்படும் முன்பே தலைவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள். வாரத்தில் ஒரு அரை நாள் உங்களுக்கே உங்களுக்கு. சமையல் முறை எல்லாருக்கும் எழுதிப் போட்ட பட்டியலாக. "போனதும் பேசிக்கலாம்மா" என்பார். போன பிறகு பேச முடியாது, இப்போதே கேளுங்கள். இதை எல்லாத் தலைவர்களும் ஏற்பார்கள் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

திரும்பி வந்து மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். வைரல் என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்ப விடாதீர்கள்.

அப்புறம் குக்கர். தாராளமாக எடுத்துப் போங்கள், மூன்று லிட்டர் போதும், கேஸ்கட் இரண்டு கூடுதலாக வையுங்கள். அங்கே பீன்ஸைக் கரி அடுப்பில் மணிக்கணக்காக வேகவைப்பார்கள், கரி விலையும் கூடுதல். முதல் விசிலுக்கே பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து வாசலில் "ஓடி" என்பார்கள். என்ன சத்தம் என்று கேட்கத்தான். ஓடினி சொல்லி உட்கார வையுங்கள், இன்னும் மூன்று விசிலில் வெந்துவிடும், ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பலாம்.